சுவர் தின்ற எரிபொருள்



நம் ரிங்லெட் ஏரியைத் தினமும் பார்க்கிறோம். மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை 1963-ல் முடிந்தது. மழை பெய்தால் மலைச்சரிவு கரைகிறது. கரைந்த மண் ஏரிக்கு வந்து, நீரோட்டம் அடங்கிய இடத்தில் வண்டலாகப் படிகிறது. படிந்த அளவுக்கு நீருக்கு இடம் குறைகிறது. தூர்வார வார மண் வந்துகொண்டே இருக்கிறது. சூரியனின் வழியில் மின்சாரம் எடுக்கப் புறப்பட்ட விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லை வந்தது என்றால் நம்புவீர்களா?

சூரியனில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதால் வெப்பம் பிறக்கிறது. பூமியில் அதைச் செய்ய டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இருவகை ஹைட்ரஜனை 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் வாயு பிளாஸ்மா ஆகிவிடும். காந்த சக்தியால் அதைச் சுவரில் படாமல் நிறுத்துகிறார்கள். ஆனாலும் ஓரத்துத் துகள்கள் சுவரில் மோதத்தான் செய்யும். மோத மோதச் சுவர் தேயும்.

1970களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டங்ஸ்டன் தடுப்புகளை வைத்துப் பார்த்தார்கள். அது லேசில் உருகாத உலோகம். ஆனால் தேய்ந்து உள்ளே போன டங்ஸ்டன் பிளாஸ்மாவின் சூட்டையே குறைத்துவிட்டது. அதை எடுத்துவிட்டுக் கரியை வைத்த பிறகு, 1978-ல் 6 கோடி டிகிரியை எட்டினார்கள். அப்புறம் எங்கும் கிராஃபைட்தான். பென்சிலில் இருக்கிறதே, அதே கரி! இந்தியாவில் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் 1989-ல் இயக்கிய 'ஆதித்யா' கருவியிலும் கிராஃபைட் தடுப்பே இருந்தது.

கரிக்கும் ஒரு குறை உண்டு. ஹைட்ரஜன் அதோடு எளிதில் சேர்ந்துவிடும். தேய்ந்த கரி எரிபொருளையும் கூட்டிக்கொண்டு போய், பிளாஸ்மா எட்டாத குளிர்ந்த மூலைகளில் ஏடாகப் படிந்தது. நம் ஏரி வண்டலேதான்!

இங்கிலாந்தின் 'ஜெட்' கருவியில் 1997-ல் சுமார் 35 கிராம் டிரிட்டியம் செலுத்தினார்கள். சோதனை முடிந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிட்டது. சுத்தம் செய்தும் முழுவதும் வரவில்லை. பறித்த கொழுந்துக்கும் நிறுவையில் காட்டும் எடைக்கும் இத்தனை வித்தியாசம் வந்தால் நாம் சும்மா இருப்போமா? டிரிட்டியமோ கதிரியக்கம் உள்ளது. இயற்கையில் கிடைப்பது மிக அரிது. அதைச் சுவர் தின்றால் உலை எப்படி ஓடும்? பாதுகாப்புதான் என்னாவது?

ஆகவே 2011-ல் ஜெட் தன் சுவரையே மாற்றியது. மேலே பெரிலியம், அதிக வெப்பம் விழும் அடித்தட்டில் டங்ஸ்டன். தங்கும் எரிபொருள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 2023-ல் வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளில் 69 மெகாஜூல் சக்தியை எடுத்துக் காட்டிவிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஜெட் ஓய்வு பெற்றது.

இந்தியாவும் பங்குகொண்டு பிரான்சில் கட்டிவரும் 'ஈட்டர்' உலையும் பெரிலியத்தை விட்டு டங்ஸ்டன் சுவருக்கு மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் தள்ளிய உலோகம் திரும்ப வந்தது எப்படி? பிளாஸ்மாவின் ஓரத்தைக் குளிர்வித்துத் தேய்மானத்தைக் குறைக்க இடையில் கற்றுக்கொண்டார்கள்.

மாணவமணிகளே! தோற்றதையும் எழுதி வைத்ததால் அல்லவா இது முடிந்தது? அடுத்த மழைக்கு ஏரி செம்மண் நிறமாகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எது கரைந்தது, எங்கே போய்ப் படிகிறது என்று கேளுங்கள். விஞ்ஞானம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வளர்க கல்வி!