புதினத்தில் வாளேந்திய தெனமாஸ்த்லே

தோற்றுப்போன இனத்தாரின் பக்கம் நின்று எழுதும் வரலாற்றுப் புதின ஆசிரியர்கள் அவ்வினத்துக்கு ஒரு வீரனைத் தேடித் தருவது இயல்பு. 1980இல் 'அஸ்டெக்' என்னும் பெரும் புதினத்தை வெளியிட்ட அமெரிக்க எழுத்தாளர் கேரி ஜென்னிங்ஸ், 1997இல் வந்த அதன் தொடர்ச்சியில் இதனையே செய்தார். அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் 1521இல் ஸ்பானியர் வசமாயிற்று. அதன் பின்னர் வடமேற்கிலிருந்து அங்கு வரும் அஸ்டெக் இளைஞன் ஒருவன், தன் தந்தை உயிரோடு எரிக்கப்படுவதைக் காண்கிறான். வெடிமருந்து செய்யக் கற்றுப் படை திரட்டுகிறான். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. காமக் காட்சிகளைக் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

இத்தலைவனின் பெயர் வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது. பிரான்சிஸ்கோ தெனமாஸ்த்லே என்பவர் நோச்சிஸ்த்லான் பகுதியின் தலைவர். காஸ்கான் இனத்தவர், அஸ்டெக் அல்லர். நூனியோ தே குஸ்மானின் படையெடுப்பும், அதனைத் தொடர்ந்த கட்டாய உழைப்பும், அடிமைப்படுத்தலும் அம்மக்களை 1540இல் மிஸ்தோன் போருக்குத் தள்ளின. 1520இல் தெனோச்தித்லான் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தோரைக் கொன்று குவித்த பெத்ரோ தே அல்வராதோ, 1541இல் நோச்சிஸ்த்லானிலிருந்து பின்வாங்குகையில் குதிரை ஒன்று மேலே உருண்டதனால் மாண்டார்.

பின்னர் அரசப் பிரதிநிதி அந்தோனியோ தே மெந்தோசாவே படை நடத்தி வந்தார். அப்படையில் ஸ்பானியர் சில நூற்றுவரே. உள்நாட்டு வீரரோ பல்லாயிரவர். அவர்கள் யாவர்? த்லஸ்காலா நாட்டினர், சால்கோ நாட்டினர், அவர்களோடு மெக்சிகோ நகரத்து அஸ்டெக் வழித்தோன்றல்களுந்தாம்! குதிரையேறவும் ஸ்பானியப் படைக்கலம் தாங்கவும் அவர்தம் தலைவர்க்கு உரிமை வழங்கப்பட்டது. சால்கோ பகுதித் தலைவர் அகாசித்லி இப்படையெடுப்பில் தாம் கண்டவற்றை எழுதுவித்தும் வைத்தார். தெனமாஸ்த்லேயை அஸ்டெக் ஆக்கியதால் புதினம் மறைத்துவிடுவது இதனைத்தான். ஒரு பேரரசின் வழிவந்தோர், தம்மை வென்றவர்க்காக மற்றொரு மக்களை வெல்லச் சென்ற நிலை எந்தக் கற்பனையினும் கடுமையானது. வீரனை விரும்பும் வாசகருக்கு அது கசக்கும் என்பதற்காக விலக்கிவிடலாமா?

1542இல் போர் முடிந்தது. சிறைப்பட்டோர் ஆயிரக்கணக்கில் அடிமைகளாயினர். தெனமாஸ்த்லே ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் மலைகளில் மறைந்து வாழ்ந்து, பின் தாமே ஆயரிடம் சரணடைந்தார். 1552இல் ஸ்பெயினுக்கு நாடுகடத்தப்பட்டார். வல்லதோலித் நகரில் அவருக்குத் துணைநின்றவர், உள்நாட்டு மக்களுக்காக வாதாடிய பார்த்தொலொமே தே லாஸ் காசாஸ் என்னும் துறவி. 1555இல் தெனமாஸ்த்லே அரசவைக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். கொடுமைக்கு அஞ்சி ஓடுவதும் தற்காத்துக்கொள்வதும் உயிர்க்கு இயல்பு. அவற்றையே ஸ்பானியர் அரசத் துரோகம் என்கின்றனர் என்பது அவர் வாதம். மெக்சிகோ அறிஞர் மிகேல் லியோன் போர்த்தில்யா 1995இல் இவ்வாவணங்களைத் தனி நூலாக ஆராய்ந்து வெளியிட்டார்.

சட்ட நடையில் துறவியின் கை தெரிகிறது என்பர், மறுப்பதற்கில்லை. ஆயினும் தம் ஆட்சிப்பகுதியையும் மனைவி மக்களையும் இழந்து, கடல் கடந்து வறுமையில் கிடப்பதாக அவ்விண்ணப்பம் முறையிடும் இடத்தில் நான் கேட்பது நோச்சிஸ்த்லான் தலைவரின் குரலையே.