வருங்கால வைப்பு நிதி: பணி விலகியவரின் உரிமை

மதுரையில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்ஸ், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இயங்கிவந்த பஞ்சாலை. அக்காலத்தில் ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் சேமநிதி வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. 1951 நவம்பர் 15 அன்று இந்திய அரசு இதற்காக அவசரச் சட்டம் பிறப்பித்தது. 1952-இல் அது நிலையான சட்டமாயிற்று.

முதலில் சேர்க்கப்பட்ட ஆறு தொழில்களுள் நெசவாலையும் ஒன்று. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் தலா 6.25 விழுக்காடு செலுத்தினர். இன்று பொதுவான விகிதம் 12 விழுக்காடு.

எனினும் இடையில் தாமாக விலகியவருக்கு முழுத்தொகை கிடைக்கவில்லை. அவருடைய பங்கு வட்டியுடன் வந்தது. பணியாண்டுகள் குறைவாயின் முதலாளியின் பங்கில் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்பட்டது. இவ்விதி பின்னர் நீக்கப்பட்டது. அதன் பின் இரு பங்கும் தொழிலாளிக்கே உரியன. ஆனால் 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்தின்படி, மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும்.

உரிமை கிடைத்த பின்னும் ஒரு தடை இருந்தது. விண்ணப்பத்தில் பழைய முதலாளி கையொப்பமிட வேண்டும். ஆலை மூடப்பட்டிருந்தால் வங்கி மேலாளர், பள்ளித் தலைமையாசிரியர் போன்றோர் சான்றளிக்கலாம். 2014-இல் வந்த யு.ஏ.என். எண், வேலை மாறினாலும் மாறாதது. 2015 டிசம்பர் முதல் அதனுடன் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இணைத்தவருக்கு முதலாளியின் கையொப்பம் தேவையில்லை.

இந்நிதியைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்கிறது சட்டத்தின் 10-ஆம் பிரிவு. மதுரையில் இதன் மண்டல அலுவலகம் சொக்கிகுளத்தில் உள்ளது.