பாட்டி பீரோவில் பழைய தங்கக் காசு இருக்கா? உருக்கும் முன் இதைப் பாருங்க!

சவரன் என்ன விலை? பவுன் எவ்வளவு? தினமும் நாம் கேட்கும் இந்த இரண்டு சொற்களுமே ஆங்கிலேயர் காலத்துத் தங்க நாணயத்தில் இருந்து வந்தவை. ‘சாவரின்’ என்ற நாணயத்தின் பெயர்தான் சவரன். அதன் மதிப்பு ஒரு பவுண்டு, அதுவே பவுன். எடை 7.99 கிராம். 8 கிராமை ஒரு சவரன் என்று சொல்வதும் இதனால்தான்.

அந்த அசல் காசுகள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. அவசரத்துக்கு நகைக்கடைக்குக் கொண்டுபோனால், எடை போட்டு தங்கத்தின் விலை மட்டும்தான் கிடைக்கும். அப்புறம் காசு உருகிப் போயிடும். ஆனால் சில காசுகளுக்கு சேகரிப்பாளர்கள் தங்கத்தின் விலையைவிட அதிகம் கொடுப்பார்கள்.

எந்தெந்தக் காசுகள்?

* சவரன்: 22 காரட், விட்டம் சுமார் 22 மி.மீ. ஒரு பக்கம் மன்னர் அல்லது ராணியின் தலை. மறுபக்கம் பெரும்பாலும் குதிரையில் அமர்ந்து டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ்.

* மொஹர்: கிழக்கிந்திய கம்பெனியின் 1835 மொஹரில் மன்னர் நான்காம் வில்லியமின் தலையும், பின்பக்கம் சிங்கமும் பனை மரமும் இருக்கும். எடை 11.66 கிராம். அப்போது இதன் மதிப்பு 15 ரூபாய்.

* நட்சத்திர வராகன்: சென்னையில் கம்பெனி வெளியிட்ட சிறிய காசு. ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் நட்சத்திரம். எடை சுமார் 3.4 கிராம். 1818ல் ரூபாய் வந்ததும் வராகன் கணக்கு முடிவுக்கு வந்தது.

பம்பாயில் அடித்த சவரன்

ஐந்தாம் ஜார்ஜ் காலத்து சவரனில், ஆண்டுக்குச் சற்று மேலே பொடி எழுத்து இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்க. ‘எம்’ என்றால் மெல்போர்ன், ‘எஸ்’ என்றால் சிட்னி, ‘பி’ என்றால் பெர்த். ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்தது. முதல் உலகப் போர் நேரத்தில், 1918ல் லண்டன் ராயல் மின்ட்டின் கிளை பம்பாயில் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதனால் ‘ஐ’ குறி உள்ள சவரன் எல்லாவற்றிலும் ஆண்டு 1918தான். அதே ஆண்டில் பம்பாயில் 15 ரூபாய் தங்கக் காசும் வெளிவந்தது.

எழுத்தே இல்லாவிட்டால் லண்டனில் அடித்தது. இதில் 1917ஆம் ஆண்டுக் காசு மிக அரிது. அதனால் அந்த ஆண்டு போட்ட போலிகளும் உலவுகின்றன.

செய்யக் கூடாதவை

பூந்திக்கொட்டை, புளி, பாலிஷ் என எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க. தேய்த்தால் மேல்பரப்பில் கீறல் விழும், சேகரிப்பாளரிடம் மதிப்பு குறையும். விளிம்பைப் பிடித்து எடுத்து, தனி உறையில் வையுங்க. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் பெரும்பாலும் தங்க விலைதான் கிடைக்கும்.

போலியிலும் நிஜத் தங்கம் இருக்கலாம். அதனால் காரட் சோதனை மட்டும் போதாது. எடை, விட்டம், எழுத்தின் கூர்மை மூன்றையும் பார்க்கணும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கு. அசல் காசுகளைப் பார்த்துக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

100 ஆண்டு கடந்த நாணயம், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ கூடாது. தொழிலாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும்.

‘உங்க காசுக்கு லட்சக்கணக்கில் தர்றோம், முதலில் கமிஷன் கட்டுங்க’ என்று போன் வந்தால் உஷார். பழைய காசு விற்பனைக்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021லேயே எச்சரித்திருக்கிறது. காசை வாங்க வருபவர்தான் பணம் தரணும். விற்கும் நீங்கள் முன்பணம் கட்டச் சொன்னால், அது மோசடி.