முயலுக்கு நான்கே கால்

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்பது நம்மவர் பழமொழி. தன் கருத்தே சரியென்று சாதித்து, கண்முன் உள்ள சான்றையும் காண மறுப்பவரை இடித்துரைக்க நம் முன்னோர் இதனைக் கையாண்டனர். அந்த முயலையே மேசைமேல் நிறுத்தி, பல்லையும் நகத்தையும் சோதித்து, நடுவர் ஒருவர் பலரறியத் தீர்ப்புரைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவி வருகின்றது. முயல் கண்காட்சி என்னும் அம்முயற்சியில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே ஈடுபடுகின்றனர். சான்றுக்குத் தலைவணங்கும் பண்பு ஒரு பொழுதுபோக்கின் வழியே வளர்ந்த கதையை அதன் வரலாற்றில் காணலாம்.

தமிழில் முயல் என்னும் ஒரு சொல்லே இருவேறு உயிர்களைக் குறிக்கின்றது. தமிழகத்துக் காட்டுமுயல் புதரடியில் வாழ்வது. அதன் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். கூண்டில் வளர்வதோ குழிமுயல். அதன் குட்டி உரோமமின்றி, கண் திறவாமல் பிறக்கும். ஸ்பெயின், போர்த்துகல், தென் பிரான்சு ஆகிய பகுதிகளே அதன் தாயகம். கி.மு. 37-இல் உரோமானிய அறிஞர் வார்ரோ எழுதிய வேளாண் நூலில், மதிலிட்ட தோட்டங்களில் முயல் வளர்க்கும் முறை கூறப்பட்டுள்ளது. பலேரிக் தீவுகளில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்ததால், அத்தீவினர் பேரரசர் அகஸ்டசிடம் படையுதவி வேண்டினர் என்று பிளினி குறித்துள்ளார்.

முயல் எப்போது வீட்டு விலங்காயிற்று? கி.பி. 600-ஆம் ஆண்டளவில் போப்பாண்டவர் கிரெகோரி, பிறந்த முயற்குட்டி இறைச்சியாகாது என்று ஆணையிட்டார் என்றும், நோன்பு நாளில் அதனை உண்பதற்காகத் துறவிகள் மடங்களில் முயல் வளர்த்தனர் என்றும் நெடுங்காலம் நூல்கள் கூறி வந்தன. 2018-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூலங்களைத் தேடிப் பார்த்தபோது அத்தகைய ஆணை எதுவும் கிடைக்கவில்லை. வேறொரு கிரெகோரியைப் பற்றிய குறிப்பு பெயர் மயக்கத்தால் திரிந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதால் வரலாறாக நிலைத்துவிட்டது. கற்றவர் பிடித்த முயலுக்கும் மூன்று கால் இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

காலப்போக்கில் வண்ண முயல்கள் தோன்றின. 1530-ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய ஓவியர் டிஷியன் தீட்டிய அன்னை மரியாள் ஓவியத்தில் தூய வெண்முயல் ஒன்று காணப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொங்குசெவி முயல்களுக்குப் போட்டிகள் நடைபெற்றன. செவி நீள நீளப் பரிசும் பெருகியது. அவற்றை ஆராய்ந்த சார்லசு டார்வின், 1868-இல் வெளியிட்ட நூலில், ஒரு செவி மட்டும் தொங்கும் முயல்களின் மண்டையோடே கோணியிருப்பதைக் காட்டினார். மனிதன் புறத்தே ஓர் உறுப்பை விரும்பித் தேர்ந்தால் அகத்தே எலும்பும் மாறுகின்றது. அழகுக்காக ஓர் உயிரை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்னும் வினா அன்று எழுந்தது. இன்றும் அது தீரவில்லை.

அமெரிக்காவில் ஆசை வேறு வடிவம் எடுத்தது. 'பெல்ஜியன் ஹேர்' என்னும் முயலினம் 1888-இல் அங்குச் சென்றது. பத்தாண்டுகளில் அதன்மீது பித்துப் பரவி, நல்ல முயலுக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுத்தனர். முயல் பெருகப் பெருக வாங்குவோர் குறைந்தனர். 1901-ஆம் ஆண்டளவில் சந்தை சரிந்தது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின், 1910-இல் தோன்றிய ஒரு சங்கம் நாளடைவில் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கமாக உருப்பெற்றது. பிரிட்டனில் 1934-இல் பிரிட்டிசு முயல் மன்றம் அமைந்தது.

இச்சங்கங்கள் வகுத்த நெறிகள் நம் கருத்துக்குரியவை. அமெரிக்க முறையில் ஒவ்வோர் இனத்திற்கும் எழுதப்பட்ட இலக்கணம் உண்டு. உடலமைப்பு, உரோமம், நிறம் முதலியவற்றுக்கு மொத்தம் 100 புள்ளிகள். முயலின் இடச்செவியில் அடையாள எண் பச்சை குத்தப்படும். பிரிட்டனிலோ பின்னங்காலில் வளையம் இடுவர். இனப்பதிவு பெற வேண்டுமாயின் மூன்று தலைமுறை வமிசாவளி காட்ட வேண்டும். பல்வரிசை பிழைத்த முயல் எத்துணை அழகாயினும் நீக்கப்படும். உரிமையாளரின் பாசத்திற்கு அங்கே புள்ளி இல்லை.

பதிவேட்டின் பயனுக்கு ரெக்ஸ் இனமே எடுத்துக்காட்டு. 1919-இல் பிரான்சில் கையோன் என்னும் உழவரின் பண்ணையில் குறுகிய, வெல்வெட்டு போன்ற உரோமமுடைய குட்டிகள் பிறந்தன. அமெடே ஜிலே என்னும் பாதிரியார் அவற்றைப் பேணிப் பெருக்கினார். 1924-இல் அவ்வினம் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ரெக்ஸ் முயலை இயல்பான முயலுடன் சேர்த்தால் குட்டிகள் அனைத்தும் இயல்பாகவே பிறக்கும். அக்குட்டிகளைத் தம்முள் சேர்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒன்று ரெக்ஸ் ஆகும். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதியை ஒரு சிறுவன் தன் வீட்டுக் கூண்டிலேயே காணலாம். ஆனால் அவன் எழுதி வைத்திருக்க வேண்டும்.

தொடங்கும் குடும்பத்திற்குப் பெரும்பாலும் கூறப்படும் அறிவுரை, ஓரினத்தை மட்டும் தேர்ந்து, ஓர் ஆணும் இரு பெண்ணும் கொண்டு தொடங்குக என்பதாகும். வளர்ந்தவற்றுக்குத் தனித்தனிக் கூண்டு வேண்டும். சூல்காலம் ஏறத்தாழ 31 நாள். ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் பிறத்தல் இயல்பு. அவற்றுள் மேடை ஏறத்தக்கவை சிலவே. எஞ்சியவற்றை யார் வளர்ப்பது, எங்கு அனுப்புவது என்பதை இணைசேர்க்கும் முன்பே குடும்பம் கூடி முடிவு செய்தல் அறம். முயல் குளிரைத் தாங்கும்; வெப்பத்தைத் தாங்காது. 30 பாகைக்கு மேற்பட்ட வெயில் நாள் அதற்கு இடர் தருவதால், நம் போன்ற நாட்டில் நிழலும் காற்றோட்டமும் முதற்கடன்.

அமெரிக்கக் காட்சிகளில் இளையோர்க்கெனத் தனிப் பிரிவும், கையாளும் திறனுக்கெனத் தனிப் போட்டியும் உள்ளன. அப்போட்டியில் முயலுக்குப் புள்ளி இல்லை. அதனை அச்சுறுத்தாமல் தூக்கி, அதன் குறையையும் நிறையையும் தெளிவாக எடுத்துரைக்கும் பிள்ளைக்கே புள்ளி. தான் வளர்த்த முயலின் குறையைத் தன் வாயாலேயே சொல்லக் கற்ற மாணவன், நாளை தன் கட்டுரையின் குறையையும் தன் கருத்தின் குறையையும் காண அஞ்சமாட்டான். மூன்றே கால் என்று சாதிப்பது எளிது. குனிந்து எண்ணிப் பார்த்து நான்கு என்று ஒப்புக்கொள்வதே கல்வி.