நோய் தரப் பிறந்த மருந்து

1960-களின் இறுதியில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் செலா, ரூத் அர்னான், டெவோரா டைட்டல்பாம் மூவரும் செய்ய நினைத்தது மருந்து அல்ல, நோய். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையில் ஒரு புரதம் உண்டு. அதை ஒரு விலங்குக்கு ஊசியில் ஏற்றினால், அதன் உடல் தன் நரம்புகளையே தாக்கத் தொடங்கும். அந்தப் புரதத்துக்கு ஒரு செயற்கை நகல் செய்து, அதுவும் இதே வேலையைச் செய்யுமா என்று பார்க்க விரும்பினார்கள்.

குளுட்டாமிக் அமிலம், லைசின், அலனின், டைரோசின். இந்த நான்கையும் கோத்துப் போட்டார்கள். நோய் வரவில்லை. அதைவிட ஆச்சரியம், வேறு வழியில் நோய் வரவழைக்கப்பட்ட கினிப் பன்றிகளிலும் அது அடங்கியது. 1971-ல் கட்டுரை வெளியானது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. இந்தப் பெப்டைடுக்கு வரிசையே கிடையாது! நான்கின் விகிதம் மட்டும்தான் நிலையானது. எதற்குப் பின் எது என்பது குலுக்கல். ஒரே ஊசிக்குள் எண்ணற்ற வேறுவேறு சங்கிலிகள். கோட் ரிவ்யூவுக்கு இப்படி ஒன்று வந்திருந்தால், ‘ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேற அவுட்புட் வருதே’ன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் 1996-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ இதையே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு அனுமதித்தது, கோபாக்சோன் என்ற பெயரில். தினம் 20 மில்லிகிராம், தோலுக்கடியில். 251 நோயாளிகளிடம் 2 ஆண்டுகள் நடந்த சோதனையில் நோய் மீண்டும் தாக்குவது 29 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதான், குணமாக்காது.

சரி, மயலினை ஊசியில் ஏற்றினால் நோய் வரும் என்பது முதலில் எப்படித் தெரிந்தது? மனிதர்களிடமிருந்துதான். வெறிநாய்க்கடிக்கு டேவிட் செம்பிள் 1911-ல் கசௌலியில் உருவாக்கிய தடுப்பூசி, மூளைத் திசுவில் வைரஸை வளர்த்துச் செய்வது. பாஸ்டர் காலத்து ஊசியும் நரம்புத் திசுதான். இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் விழுந்தது. வைரஸா, மூளைத் திசுவா? 1930-களில் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ், வைரஸே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்: திசுதான்.

நாம் ‘தொப்புளைச் சுத்தி 14 ஊசி’ என்று சொல்லிப் பயந்தது இந்தச் செம்பிள் வகையைத்தான். ஆட்டு மூளையில் செய்தது, குன்னூரிலும் தயாரித்தார்கள். மூளைத் திசு கலக்காத ஊசிகள் வந்த பிறகும் அவற்றின் விலை எட்டாதவர்களுக்கு, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது இதுதான். இந்தியா இதன் தயாரிப்பை நிறுத்தியது 2004-ன் இறுதியில். கோபாக்சோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.