தெள்ளுப்பூச்சியும் ஒரு பிரெஞ்சு டாக்டரும்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு பஸ்த்தேர் (பாஸ்டர் என்றால் மற்றவர்களுக்குப் புரியும்) கதை மனப்பாடம். வெறிநாய் கடித்த சிறுவனை 1885இல் அவர் பிழைக்க வைத்ததைச் சொல்லாத வாத்தியார் கிடையாது. ஆனால் அவருடைய நிலையம் அனுப்பிய ஒருவர், நம் நாட்டு மண்ணிலேயே செய்த காரியத்தை யாரும் சொல்லவில்லை. அவர் பெயர் போல்-லூயி சிமோன்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அதன் கிருமியை யெர்சேன் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எலியிடமிருந்து மனிதனுக்கு அது எப்படி வருகிறது என்பது தெரியவில்லை. காற்றா, மண்ணா, அழுக்கா? தெரியாத நிலையில் அரசாங்கம் வீடு புகுந்து சோதித்தது. சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. நோயாளிகளைப் பிரித்துக் கொண்டுபோனது. ஜனங்களின் கோபம் முற்றி, 1897 ஜூன் 22ஆம் தேதி புனாவில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். காரணம் தெரியாமல் போட்ட உத்தரவுக்கு எவ்வளவு விலை பாருங்கள்.

அந்த வருஷம்தான் சிமோன் இந்தியா வந்தார். சில நோயாளிகளின் தோலில் சின்னக் கொப்புளம் ஒன்று இருப்பதையும் அதற்குள் பிளேக் கிருமி இருப்பதையும் பார்த்தார். பூச்சிக் கடியோ என்ற சந்தேகம் வந்தது. இன்னொன்றும் கவனித்தார். அப்போதுதான் செத்த எலியைத் தொட்டவர்களுக்கு நோய் வந்தது. செத்து நாளான எலியைத் தொட்டவர்களுக்கு வரவில்லை. உடம்பு சில்லிட்டதும் தெள்ளுப்பூச்சி வேறு இடம் தேடிப் போய்விடும் அல்லவா!

1898 ஜூன் மாதம் கராச்சியில், தங்கியிருந்த ஹோட்டலிலேயே பரிசோதனை நடந்தது. அடியில் மணல் பரப்பிய பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் பிளேக் கண்ட எலியை விட்டார். ஒரு பூனையிடம் பிடித்த தெள்ளுப்பூச்சிகளையும் சேர்த்துவிட்டார். மேலே கம்பிக் கூண்டில் நல்ல எலி ஒன்றைத் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. கீழே இருந்தது செத்தது. சில நாளில் மேலே இருந்ததும் செத்தது, உடம்பு முழுக்கக் கிருமியோடு. தெள்ளு இல்லாத நோயெலியோடு விட்ட எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருஷமே பஸ்த்தேர் நிலையத்தின் இதழில் கட்டுரை எழுதினார். பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. அவரும் சைகோனுக்கு, நம்மூர்க்காரர்கள் உத்தியோகம் பார்க்கப்போன அதே சைகோனுக்கு, அங்குள்ள பஸ்த்தேர் நிலையத்தை நடத்தப் போய்விட்டார். 1905க்குப் பிறகு பம்பாயில் பிளேக் கமிஷன் மறுபடி பரிசோதித்து, சிமோன் சொன்னது சரி என்றது. அதற்குள் இந்தியாவில் லட்சக்கணக்கான பேர் போய்விட்டார்கள்.

பிளேக் உண்மையில் காட்டில் வளை தோண்டி வாழும் எலி வகைகளின் நோய். அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் அதை அங்கேயே காப்பாற்றி வைத்திருக்கின்றன. வீட்டு எலிக்குத் தொற்றினால் நமக்கும் வரும். எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்யும் வழக்கம் கர்வால், குமாவுன் மலைக் கிராமத்தாருக்கு டாக்டர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

நானும் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு நகர்த்தியவன். மேஜையில் தூங்கிய கோப்புகள் எத்தனையோ. சிமோனின் கோப்பு ஏழெட்டு வருஷம் தூங்கியதைப் படித்தபோது, என் கையில் தூங்கியவற்றையும் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.