நேரலை பிந்தினாலும் பதிவு அறுபடாமலிருக்க

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பேசும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நறுவிலிக்குளத்தில் கணினியில் பதிவுசெய்து வைக்கிறேன். நேரலை பிந்தினால், கடைசியாகப் பேசும் தாயின் குரல்தான் அறுபடும். ஏனெனில் மென்பொருள் அட்டவணையில் உள்ள நிமிடத்திலேயே பதிவை நிறுத்திவிடும்.

டிவிஹெட்எண்ட் போன்ற இலவச மென்பொருள்களில், முடிவுநேரத்துக்குப் பின்னும் எத்தனை நிமிடங்கள் பதிய வேண்டும் என்று குறிக்கலாம். செய்திக்கு 10, நேரலைக்கு 60 வையுங்கள். ஒளிபரப்பில் வரும் நிகழ்ச்சி முடிவுச் சமிக்ஞையைப் பின்பற்றும் தெரிவும் உண்டு. நிலையம் அதை ஒழுங்காக அனுப்பினால் மட்டுமே பயன்படும்.

ஜெனீவா அமர்வுக்கு நேரத்தை நாமே குறிப்பதானால் கவனம்: மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னே நகரும். நமக்கும் அவர்களுக்குமான வித்தியாசம் நான்கரை மணியிலிருந்து மூன்றரையாகும்.

மிஞ்சிய விளம்பரத்தைப் பிறகு வெட்டலாம். பதியாத சாட்சியத்தை மீட்க முடியாது.